சிறைப்பணியும் பல்கலைக்கழகக் கல்வியும்

பண்டைத் தமிழில் 'சிறை' என்னும் சொல் காவலையும் நீர் தடுக்கும் அணையையும் குறித்தது. திருத்தும் பொருள் அதற்கில்லை. தண்டனையின் நோக்கங்களுள் திருத்துதலையும் ஒன்றாக இந்தியச் சிறை நிர்வாகத்தில் நிலைநாட்டியது 1919-20ஆம் ஆண்டுகளின் சிறைக் குழு. ஆயினும் திருத்துவோர்க்குரிய கல்வி உடன் வரவில்லை. 1951-52இல் ஐக்கிய நாடுகள் அவை அனுப்பிய வால்டர் ரெக்லெஸின் அறிக்கைக்குப் பின்னரே அது வேரூன்றியது. சாகர் பல்கலைக்கழகம் 1959இல் குற்றவியல் துறை கண்டது. வேலூரில் 1979இல் தென்மாநிலச் சிறை அலுவலர்க்குப் பயிற்சிக் கழகம் அமைந்தது. ஒன்று பணிக்கு முன் கற்பிப்பது. மற்றது பணியேற்றோர்க்குப் பயிற்றுவிப்பது. இரண்டையும் இணைக்கும் பாலம்தான் எழவில்லை. முல்லா குழு (1980-83) அதற்கென அகில இந்தியப் பணியொன்றைப் பரிந்துரைத்தும் அது உருப்பெறவில்லை. 2023ஆம் ஆண்டின் மாதிரிச் சட்டம் 'திருத்தப் பணிகள்' என்பதைத் தன் பெயரிலேயே ஏற்றது. சிறைவாயிலில் நிற்பவரோ இன்றும் 'காவலர்' என்றே அழைக்கப்பெறுகிறார்.