தேறுதல்: தகடூர் முதல் பாப்பாரப்பட்டி வரை

பாப்பாரப்பட்டி என்றதும் தமிழறிந்தோர் நினைவில் முதலில் எழுபவர் சுப்பிரமணிய சிவா. தொழுநோயுற்ற உடலோடு ஊர் ஊராக அலைந்து, பாரத மாதாவுக்கு ஒரு கோயில் எழுப்ப வேண்டும் என்ற கனவோடு இவ்வூரில் தங்கி, 1925 சூலை 23-ஆம் நாள் இங்கேயே கண்மூடினார் அவர். இக்கட்டுரை அவரைப் பற்றியது அன்று. அவ்வூருக்குச் செல்லும் சாலையில் தலையடிபட்டு வீழ்ந்த மாணவன் ஒருவனையும், அவனை முன்னிட்டு நாம் தேடிப் படித்தவற்றையும் பற்றியது. மருத்துவம் நம் துறையன்று. மருத்துவமனை வராந்தாவில் காத்திருக்கும் வேளையில் தமிழாசிரியன் ஒருவனால் செய்யக்கூடியது படித்ததை நினைத்துப் பார்ப்பது ஒன்றுதானே!

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு மாணவன். தருமபுரியிலிருந்து இரவில் இருசக்கர வண்டியில் ஊர் திரும்பியபோது விபத்து. தலைக்கவசம் வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வீழ்ந்தவன் தானே எழுந்து அமர்ந்தான். தண்ணீர் கேட்டுக் குடித்தான். "ஒன்றுமில்லை" என்று கூடியிருந்தவர்களுக்கு ஆறுதலும் சொன்னான். ஒரு மணி நேரம் கழித்து வாந்தி. பிறகு பேச்சு குழறியது. பிறகு நினைவு போயிற்று. மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் இடையே குருதி கசிந்து திரளும்போது இப்படி ஒரு தெளிந்த இடைவேளை தோன்றி ஏமாற்றும் என்பதை நாம் அறிந்துகொண்டது அன்றிரவுதான். அந்த ஒரு மணி நேரத்தை "நன்றாகத்தானே பேசினான்" என்று வீட்டார் இன்றும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். அவர்களைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை.

மருத்துவர் வந்து, "பதினைந்துக்கு ஏழு" என்றார். கண் திறத்தல், வாய் பேசுதல், கை கால் அசைத்தல் ஆகிய மூன்றையும் தனித்தனியே மதிப்பிட்டுக் கூட்டும் கிளாஸ்கோ அளவுகோல் அது. 1974-இல் டீஸ்டேல், ஜென்னட் என்னும் இருவர் வகுத்தது. முழு நினைவுக்கு 15. ஒன்றுமே இல்லை என்றாலும் 3. பூச்சியம் என்பது அதில் கிடையாது. புளி தட்டும் கூலி வேலை செய்யும் அவன் தாயார் நம்மிடம் திரும்பி, "பதினஞ்சுக்கு ஏழுன்னா தேறிடுவானா, சார்?" என்று கேட்டார்.

தேறுதல்! தேர்வில் வெல்வதும் தேறுதல். நோயிலிருந்து மீள்வதும் தேறுதல். துயரத்திலிருந்து மனம் நிலைபெறுவதும் தேறுதல். பழைய இலக்கியத்தில் ஒருவரை ஆராய்ந்து தெளிந்து நம்புவதும் அதுவே. அந்தத் தாயார் இவற்றுள் எதைக் கேட்டார் என்று நமக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் சேர்த்தே கேட்டிருக்கலாம்.

தருமபுரி நடுகற்களின் நாடு. வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் கோயில் ஓரத்திலும் வாளோங்கி நிற்கும் வீரர்களைக் காணலாம். உடலில் அம்பு தைத்த நிலையில் சிலர். ஆநிரை மீட்கச் சென்று பட்டவர், ஊர் காக்க நின்று பட்டவர் என்று அவர்களுக்குக் கல்லும் எழுத்தும் உண்டு. புண்பட்டுப் பிழைத்தவனுக்கு? அவனை மாதக்கணக்கில் படுக்கையில் வைத்துக் காத்தவளுக்கு? கல் இல்லை. அவர்களை அறிய நாம் பாட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

பாட்டில் உண்டு. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அதியமான் நெடுமான் அஞ்சி போரில் புண்பட்டு நின்றபோது ஔவையார் பாடியது புறநானூற்றின் 93-ஆம் பாட்டு. பதிற்றுப்பத்தின் 42-ஆம் பாட்டில் பரணர், மார்பிற் பட்ட புண்ணை நெடிய வெள்ளூசி கொண்டு தைப்பதை, மீன் கவரக் குளத்துள் மூழ்கி எழும் சிரற்பறவையோடு ஒப்பிடுகிறார். ஊசி தோலுக்குள் புகுந்து மறைந்து மீண்டும் மின்னி வெளிவரும் அந்த நொடியை நேரிற் கண்டவரன்றி வேறொருவர் அவ்வுவமையைப் படைத்திருக்க இயலாது என்பது நம் எண்ணம்.

இவற்றினும் நம்மை ஈர்ப்பது புறநானூறு 281. பாடியவர் அரிசில் கிழார். தகடூரை எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை மீது பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தைப் பாடியவரும் அவரே. அப்போரில் வீழ்ந்த அதியமான் எழினிக்காக இரங்கிப் பாடியவரும் (புறம் 230) அவரே. வென்றவனையும் வீழ்ந்தவனையும் ஒருசேரப் பாடிய அப்புலவர், இந்தப் பாட்டில் போர்க்களத்தை விட்டு ஒரு வீட்டுக்குள் நுழைகிறார். உள்ளே புண்பட்ட வீரன் கிடக்கிறான். ஒரு பெண் தன் தோழியை அழைக்கிறாள். இரவ மரத்தின் தழையையும் வேம்பின் தழையையும் வீட்டில் செருகுவோம்; யாழும் பிற இசைக்கருவிகளும் ஒலிக்கட்டும்; கையை மெல்லப் பெயர்த்து மை இடுவோம்; வெண்சிறுகடுகு தூவுவோம்; குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி, மனையெங்கும் நறும்புகை எழுப்பிப் புண்ணைக் காப்போம் என்கிறாள். 296-ஆம் பாட்டிலோ இந்தப் பரபரப்பு எல்லா வீடுகளிலும் நிகழ்கிறது. புண்ணோனைப் பேய் தீண்டாமல் மனைவி காப்பதற்குத் தொல்காப்பியம் 'தொடாக்காஞ்சி' என்று தனித்துறையே வகுத்திருக்கிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. "வேம்பு கிருமிநாசினி, இசை மருத்துவம் நம் கண்டுபிடிப்பு, எல்லாம் அன்றே நம்மவர் அறிந்தது" என்று மேடையில் முழங்குவது எளிது. பாட்டு அப்படிச் சொல்லவில்லை. அது பேயை விரட்டும் சடங்கு. புண் தலையிற் பட்டது என்றும் அதில் இல்லை. பாட்டில் நாம் காண்பது வேறொன்று: புண்பட்டவனைத் தனியே விடலாகாது, அவனைச் சுற்றி ஒலியும் மணமும் மனிதரும் இடையறாது இருத்தல் வேண்டும் என்ற பிடிவாதம்.

மண்டையைத் திறக்கும் கதைகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. தேரையர் கதையைக் கேளாத தமிழர் குறைவு. தீராத தலைவலியால் வருந்திய மன்னனின் கபாலத்தை அகத்தியர் திறக்க, மூளைமேல் தேரை ஒன்று அமர்ந்திருந்தது. பறித்தெடுத்தால் மூளை சிதையுமே என்று குரு திகைக்க, சீடர் ஒரு பாத்திரத்தில் நீரை ஏந்தி அசைத்துக் காட்ட, தேரை தானே நீருக்குத் தாவியது. இது போன்றதொரு கதை வடமொழிப் போஜப் பிரபந்தத்திலும் உண்டு. அங்கே தேரைக்குப் பதில் மீன். காலத்தால் இவற்றுக்கெல்லாம் மூத்தது பாலி மொழி விநய பிடகத்தின் மகாவக்கத்தில் வரும் ஜீவகனின் கதை. அதில்தான் நம் பொருளுக்கு உயிரான செய்தி இருக்கிறது.

இராசகிருகத்து வணிகன் ஒருவனுக்குத் தலைநோய். ஜீவகன் அவனைக் கட்டிலோடு பிணைத்து, தலைத்தோலை அறுத்து, எலும்பைத் திறந்து இரு புழுக்களை எடுத்து, மீண்டும் தைத்து மருந்திடுகிறான். அறுவைக்கு முன்பே ஒரு நிபந்தனை: ஒருபக்கமாக ஏழு மாதம், மறுபக்கமாக ஏழு மாதம், மல்லாந்து ஏழு மாதம் படுத்திருக்க வேண்டும். வணிகன் ஒப்புகிறான். ஆனால் ஏழு நாளுக்கு மேல் ஒருபக்கம் கிடக்க அவனால் இயலவில்லை. மும்முறையும் ஏழேழு நாள். இருபத்தோராம் நாள் ஜீவகன் சொல்கிறான்: ஏழு மாதம் என்று நான் சொல்லியிராவிட்டால் நீர் ஏழு நாளும் கிடந்திருக்க மாட்டீர், மூன்று ஏழு நாட்களில் குணமாவீர் என்று நான் முன்பே அறிவேன். புழு இருந்ததா என்பது கிடக்கட்டும். படுக்கையில் கிடப்பவனின் பொறுமையின்மையை இத்தனை துல்லியமாக அறிந்த ஒருவர் இக்கதையை எழுதியிருக்கிறார்.

மண்டையோட்டில் துளையிடுவது மனித குலத்துக்குப் புதிதன்று. காசுமீரத்துப் பர்சகோமில் கிடைத்த புதிய கற்கால மண்டையோட்டில் பல துளைகள் உள்ளன. ஆயினும் இன்று நாம் அறியும் மூளை அறுவை நம் நாட்டுக்கு வந்து எண்பது ஆண்டுகூட ஆகவில்லை; வந்து இறங்கிய இடமோ நமக்கு அருகேதான்! கனடாவின் மாண்ட்ரியலில் பென்ஃபீல்டிடம் பயின்று திரும்பிய ஜேக்கப் சாண்டி, 1949-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறை அதுவே. அடுத்த ஆண்டே சீர்காழியில் பிறந்த பா. இராமமூர்த்தி இங்கிலாந்தின் நியூகாசிலில் பயிற்சி முடித்துச் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பணியைத் தொடங்கினார். அவருடைய ஆசான் ரௌபாதம் தலைக்காயங்களைப் பற்றி நூலெழுதியவர். 1951-இல் இவ்விருவரோடு பல்தேவ் சிங், எஸ்.டி. நரசிம்மன் ஆகியோரும் சேர்ந்து இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினர்.

அந்நாளைய நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். சி.டி. ஸ்கேன் இல்லை, அக்கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையைப் படம் பிடித்ததே 1971 அக்டோபரில், இலண்டனில். அதற்கு முன்பு கண்பாவை எந்தப் பக்கம் விரிந்திருக்கிறது, எந்தக் கை தளர்ந்திருக்கிறது என்று பார்த்து, குருதி இங்கேதான் திரண்டிருக்க வேண்டும் என்று கணித்துத் துளையிட வேண்டும். இல்லையென்றால் வேறிடத்தில் இன்னொரு துளை. நீரைக் காட்டித் தேரையைத் தாவ வைத்த சீடரின் கூர்மதியை நாம் கதையாகப் போற்றுகிறோம். மெய்யாகவே அத்தகைய கூர்மதியை நம்பி வேலை செய்தவர்களின் பெயர் நம் மாணவர் பலருக்குத் தெரியாது.

நம் மாணவனுக்குக் குருதிக் கட்டி நீக்கப்பட்டது. மூளை வீங்கியிருந்தமையால் இடப்பக்க எலும்பின் ஒரு துண்டை உடனே பொருத்தாமல், வயிற்றுத் தோலுக்கடியில் வைத்துத் தைத்தனர். வீக்கம் வடிந்து சில மாதங்களுக்குப் பின் அதை எடுத்து மீண்டும் தலையில் பொருத்துவார்களாம். "தலை எலும்ப வயித்துல வெச்சிருக்காங்க, சார்" என்று அந்தத் தாயார் சொன்னபோது, குழந்தையை மீண்டும் சுமப்பது பற்றிப் பேசுவது போலிருந்தது.

உயிர் தப்பியது, சொல் போயிற்று. பேச்சுக்குரிய பகுதி மூளையின் இடப்பக்கம் இருப்பதை 1861-இல் பாரிசில் புரோகா என்னும் மருத்துவர் காட்டினார். 'டான்' என்ற ஓரசையைத் தவிர வேறெதுவும் பேச இயலாத நோயாளி ஒருவர் இறந்தபின் அவர் மூளையை ஆய்ந்து கண்டது. நம் மாணவனுக்கு எஞ்சியது 'அது' என்னும் சுட்டுப்பெயர். தண்ணீரும் அது; தாயும் அது; வலியும் அது. வகுப்பில் மூவகைச் சுட்டையும் பிழையின்றிச் சொன்னவன்.

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அறுவைக்குப் பின் என்ன என்ற கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. 1954-இல் ஊர்தி விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவைகள் செய்த மருத்துவர் மேரி வர்கீசு, 1966-இல் வேலூரில் தொடங்கிய மறுவாழ்வு நிலையத்தை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். உயிரைக் காப்பதோடு மருத்துவம் முடியவில்லை என்பதை அடிபட்ட ஒருவரே நிலையமாகக் கட்டிக் காட்டினார். பிற்காலத்தில் 108 ஊர்தி வந்தது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைத் தமிழக அரசு ஏற்கும் திட்டமும் 2021 திசம்பரில் வந்தது. நல்லவை. ஆனால் நாற்பத்தொன்பதாம் மணி முதல் நானூறாம் நாள் வரை உள்ளது வீட்டாரின் கணக்கு. பேச்சுப் பயிற்சியாளரைக் காண ஒவ்வொரு முறையும் பேருந்தேறி நகரத்துக்குப் போக வேண்டும். போனால் ஒருநாள் கூலி போகும்.

அவன் தந்தை தெருக்கூத்துக் கலைஞர். மாலையில் வேலை முடிந்து வந்து, மகன் கட்டிலருகே அமர்ந்து, பழக்கத்தால் கூத்துப் பாட்டை முணுமுணுப்பார். ஒருநாள் அவர் பாடி நிறுத்திய இடத்திலிருந்து அவன் தொடர்ந்தான்! சொல் பிசகவில்லை, தாளம் பிசகவில்லை. பாட்டு முடிந்ததும் "தண்ணி வேணுமா?" என்று கேட்டால், மீண்டும் 'அது'. பேச இயலாதவர் பாடுவதை மருத்துவ உலகம் நெடுநாள் அறிந்திருக்கிறது. 1973-இல் பாசுடன் நகரத்து ஆய்வாளர்கள் இராகமிட்டுப் பேசப் பழக்கும் முறையையே உருவாக்கினர். பயிற்சியாளர் இதைச் சொன்னதும் அந்த வீட்டில் எல்லாம் பாட்டாயிற்று. தாயார் சோறு, சொம்பு, கதவு, கயிறு என்று ஒவ்வொன்றையும் இழுத்துப் பாடுவார். அவன் கையைப் பிடித்துத் தாளமும் தட்டுவார். பக்கத்து வீட்டார் முதலில் சிரித்தனர். பிறகு அவர்கள் வீட்டுக் குழந்தைகளும் திண்ணையில் வந்து அமர்ந்து பாடத் தொடங்கின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் போனபோது நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. யார் சொல்லிச் செய்தீர்கள் என்று கேட்டோம். "யாரு சொல்லணும், சார்? எப்பவும் வெக்கிறதுதான்" என்றார் தாயார்.

எலும்பைத் திரும்பப் பொருத்தியாயிற்று. ஒன்றரை ஆண்டு கழித்துக் கல்லூரிக்கு வந்தான். விட்ட தாள்களை இரண்டு மூன்று முறை எழுதினான். வலக்கை இன்னும் சற்றுத் தளர்ச்சிதான். சில பெயர்கள் இன்றும் வாயில் வருவதில்லை. சாவி என்று சொல்ல வராமல், "பூட்டுக்குள்ள போறது" என்பான். தாயார் உள்ளிருந்தபடியே மெல்ல இராகமிட்டு முதலெழுத்தை எடுத்துக் கொடுப்பார்.