உறைமேல் எழுதியிருப்பது

2021 ஜனவரி, பொங்கலுக்கு முந்தின வாரம். வாட்ஸ்அப்பைத் திறந்தால் ஒரு அறிவிப்பு: புதிய தனியுரிமைக் கொள்கையை பிப்ரவரி 8-க்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு ஓடாது. (பிறகு அந்தக் கெடுவை மே 15-க்குத் தள்ளினார்கள்.) ஜனவரி 7 அன்று ஈலான் மஸ்க் சிக்னலுக்கு மாறச் சொல்லி இரண்டே வார்த்தையில் ட்வீட் போட்டார். எங்கள் தெரு டீக்கடை வரைக்கும் அது பேச்சாகிவிட்டது.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அப்போது 43 பேர். புதுச்சேரிக் குடும்பம் என்றால் உங்களுக்கே தெரியும். பாதிப் பேர் முத்தியால்பேட்டையிலும் லாஸ்பேட்டையிலும் இருக்கிறார்கள், மீதிப் பேர் பாரிஸ் புறநகரில். தாத்தா சொல்தா. 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாமே அந்தக் குழுவில்தான் நடக்கும். நான் அந்த 43 பேருக்கும் தனித்தனியாக சிக்னல் அழைப்பு அனுப்பினேன், கூடவே இரண்டு பக்கத்துக்கு விளக்கம். 11 பேர் வந்தார்கள். ஒரு மாதத்தில் நாலு பேர் ஆனோம்: நான், தங்கை, பிரான்ஸில் இருக்கும் சித்தப்பா, அம்மா. அம்மாவும் தானாக வரவில்லை, அவர் போனை வாங்கி நானே போட்டுக் கொடுத்தேன்.

பெரியம்மாவைக் கூப்பிட்டபோது அவர் கேட்டது இதுதான்: "நம்மகிட்ட மறைக்க என்னடா இருக்கு? என் பென்ஷன் எவ்வளவுன்னு தெருவுக்கே தெரியும்."

அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியோடு நான் சுற்றிய கதை.

முதலில் ஒரு தெளிவு. கடிதத்தின் உள்ளே இருப்பதைப் பூட்டும் விஷயத்தில் இரண்டு செயலிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. சிக்னல்காரர்கள் உருவாக்கிய அதே மறையாக்க முறையைத்தான் 2016 ஏப்ரலிலிருந்து வாட்ஸ்அப்பும் பயன்படுத்துகிறது. வித்தியாசம் உறையின் மேல் இருப்பதில்: யார், யாருக்கு, எப்போது, எத்தனை தடவை. 2016-ல் அமெரிக்காவில் ஒரு நீதிமன்ற விசாரணைக்காக சிக்னலிடம் ஒரு பயனரின் விவரம் கேட்டார்கள். கணக்கு தொடங்கிய நாள், கடைசியாக இணைந்த நாள், இந்த இரண்டைத் தவிர அவர்களிடம் கொடுக்க எதுவுமே இல்லை. வைத்திருந்தால்தானே கொடுக்க! நான் பெரியம்மாவுக்குச் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். ஆனால் உறைமேல் எழுதியிருப்பதில் என்ன ஆபத்து என்று எனக்கே சரியாகப் பிடிபட்டது பிறகுதான், ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் இருக்கும் பாரதி வீட்டுக்கு வேறொரு வேலையாகப் போய்வர ஆரம்பித்த பிறகு.

1908-ல் சென்னையில் 'இந்தியா' வார இதழின் ஆசிரியராகப் பதிவேட்டில் இருந்த சீனிவாசன் கைதானார். ஐந்து ஆண்டுத் தண்டனை. எழுதியவர் பாரதி, பெயர் கொடுத்தவர் சீனிவாசன். பெயர் இருந்தவருக்குத்தான் சிறை என்பதைக் கவனியுங்கள். பாரதி ரயிலேறிப் புதுச்சேரி வந்தார். கையில் குப்புசாமி அய்யங்கார் என்பவருக்கு ஒரு அறிமுகக் கடிதம். அவரும் சேர்த்துக்கொண்டார். போலீஸ்காரர்கள் வந்து மிரட்டியதும் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டார். பாரதி வரலாற்றில் இந்த மனிதரைக் கொஞ்சம் கேலியாகவே எழுதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் பாரதியை அழைக்கவில்லை, ஒரு நண்பர் எழுதிய கடிதத்தால் அவர் வீட்டு வாசலில் போலீஸ் வந்து நின்றது. நல்லவேளை, குவளைக் கிருஷ்ணமாச்சாரி போல வேறு சிலர் இருந்தார்கள்.

அக்டோபரில் 'இந்தியா' புதுச்சேரியிலிருந்து வர ஆரம்பித்தது. 1881-ம் ஆண்டின் பிரெஞ்சுப் பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் இங்கேயும் செல்லும். அச்சகத்தைத் தொட பிரிட்டிஷாருக்கு வழியில்லை. ஆனால் படிக்கிறவர்கள் எங்கே? சென்னையில், தஞ்சாவூரில், திருநெல்வேலியில். பத்திரிகை அவர்களிடம் போய்ச்சேர வேண்டிய வழி பிரிட்டிஷ் தபால். மேலே முகவரிச் சீட்டு ஒட்டித்தான் போகும். எந்த ஊரில் எந்தத் தெருவில் யார் 'இந்தியா' வாங்குகிறார் என்பது அந்த ஊர்த் தபால்காரருக்குத் தெரிந்த சங்கதி. ஒரு தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவுக்கோ பள்ளிக்கூட வாத்தியாருக்கோ அது எவ்வளவு பெரிய தைரியம் என்று யோசித்துப் பாருங்கள். அவர்களிடமும் மறைக்க ஒன்றும் இருந்திருக்காது. வாரம் ஒரு பத்திரிகை படித்தார்கள், அவ்வளவுதான். 1910 பிப்ரவரியில் புதிய பத்திரிகைச் சட்டம் வந்தது. பிரிட்டிஷ் எல்லைக்குள் 'இந்தியா' நுழையத் தடை. மார்ச்சோடு இதழ் நின்றது. புதுச்சேரியில் அச்சகத்தை யாரும் பூட்டவில்லை, மறுமுனையில் ஆள் இல்லாமல் போனது.

அதற்கு அடுத்த மாதம், ஏப்ரல் 4, 'டூப்ளே' கப்பலில் அரவிந்தர் வந்து இறங்கினார். பயணிகள் பட்டியலில் அவர் பெயர் ஜதீந்திரநாத் மித்ரா. அந்த ஆண்டு பிற்பகுதியில் வ.வே.சு. ஐயரும் வந்துவிட்டார். அதற்குப் பிறகு இந்தச் சின்ன ஊரில் சி.ஐ.டி. ஆட்கள் வாடகைக்கு வீடு பிடித்து உட்கார்ந்தார்கள். ரயிலடியில் ஒருவர், தெருமுனையில் ஒருவர். புதுச்சேரியிலேயே பிரிட்டிஷ் இந்தியாவின் தபால் நிலையமும் இருந்தது. 1898-ம் ஆண்டு இந்தியத் தபால் சட்டத்தின் 26-வது பிரிவு, பொதுப் பாதுகாப்பு என்று சொல்லிவிட்டால் போதும், எந்தத் தபாலையும் பிடித்துவைக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்தது.

இவர்கள் என்ன செய்தார்கள்? நம்மைப் போலத்தான், தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தார்கள். சந்திரநாகூரும் பிரெஞ்சுப் பகுதி. அங்கிருந்த மோதிலால் ராய்க்கு அரவிந்தர் எழுதிய கடிதங்களில் புரட்சி வேலை முழுக்க 'தந்திரம்', 'தாந்திரீகக் கிரியை' என்ற பெயரில்தான் வரும். படிக்கிறவனுக்கு ஏதோ சாக்த பூஜை பற்றிய சந்தேக நிவர்த்தி போல இருக்கும். கையெழுத்தும் முழுப் பெயரில் இருக்காது.

வாஞ்சிநாதன் பக்கம் கதை வேறு மாதிரி போனது. 1911 ஜூன் 17, மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். ரகசியம் அவரோடு போயிருக்க வேண்டும். ஆனால் அவர் வீட்டைச் சோதனை போட்டபோது கடிதங்கள் கிடைத்தன. அதைப் பிடித்துக்கொண்டு ஒட்டப்பிடாரம் ஆறுமுகம் பிள்ளையிடம் போனார்கள், அவர் அப்ரூவர் ஆனார். ஒன்றைத் தொட்டால் ஒன்று. கடைசியில் 14 பேர் மீது வழக்கு. வெங்கடேஸ்வர ஐயர், தர்மராஜ ஐயர் என்ற இருவர் பிடிபடும் முன்பே தற்கொலை செய்துகொண்டார்கள். தபாலில் யாரும் பிரித்துப் படித்து மாட்டியவை அல்ல அந்தக் கடிதங்கள். பத்திரமாகப் போய்ச்சேர்ந்தவை. பெற்றவர் கிழித்துப் போடாததுதான் வினை. இன்றைக்குச் செயலிகளில் 'மறையும் செய்தி' என்று ஒரு வசதி இருக்கிறதே, அதன் முழு நியாயமும் இந்த ஒரு சோதனையில் இருக்கிறது. நான் இதைப் படித்த அன்றைக்கே எங்கள் நாலு பேர் குழுவில் ஒரு வாரத்துக்கு அதை வைத்துவிட்டேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வீட்டுக்குள் ஆள் இருந்தால்? அரவிந்தர் வீட்டுக்கு நாகேன் என்ற காசநோயாளி இளைஞர் வந்து தங்கினார். அவருக்குத் துணையாக வந்தவர் பிரேன். சமையல், வீட்டு வேலை எல்லாம் அவர் கையில். ஒருநாள் பிரேன் திடீரென்று தலையை மொட்டை அடித்துக்கொண்டார். கூட இருந்த மணி என்கிற சுரேஷ் சக்கரவர்த்தி, சும்மா விளையாட்டாகத் தானும் மொட்டை போடப்போவதாகச் சொன்னார். பிரேன் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சியும் கேட்கவில்லை, அடித்துக்கொண்டு வந்துவிட்டார். பிரேனுக்குப் புளியைக் கரைத்தது. ஏனென்றால் அவர் சி.ஐ.டி.யின் ஆள். அவருக்குப் பதிலாக வரப்போகிற அடுத்த உளவாளி அவரை அடையாளம் கண்டுகொள்ளத்தான் அந்த மொட்டை. தன்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள், அதனால்தான் மணியும் அடித்துக்கொண்டார் என்று நினைத்து, அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். நளினி காந்த குப்தா போன்றவர்கள் இதைச் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. 2022-ல் அம்மாவுக்கு பயாப்சி எடுத்தோம். முடிவு வந்த அன்று சாயங்காலம், நல்ல மனதோடுதான், சொந்தக்காரர் ஒருவர் அந்தத் தாளைப் படம் பிடித்துப் பெரிய குழுவில் போட்டுவிட்டார், எல்லோரும் வேண்டிக்கொள்ளச் சொல்லி. இரண்டு நாளில் முன்பின் தெரியாத ஒருவர் அம்மாவுக்கே போன் செய்து, தன்னிடம் இருக்கும் சூரணத்தில் இது கரைந்துவிடும், ஆஸ்பத்திரிக்குப் போனால் மூன்று மாதம்தான் என்றார். அம்மாவுக்கு நாங்கள் அதுவரை சொல்லியிருக்கவில்லை. எந்த மறையாக்கமும் இதைத் தடுத்திருக்காது. நான் 43 பேரை வேறு செயலிக்கு அழைத்து, 43 பேரும் வந்திருந்தால், அந்தத் தாள் அங்கேயும் போயிருக்கும்.

சரி, சட்டத்துக்கு வருவோம், சுருக்கமாக. சுதந்திரம் வந்தும் 26-வது பிரிவு போகவில்லை. 1986-ல் அதை இன்னும் விரித்து நாடாளுமன்றம் ஒரு மசோதா நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஜைல் சிங் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை, அப்படியே வைத்துக்கொண்டார். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 1898 சட்டத்தை எடுத்துவிட்டு வந்த 2023 தபால் அலுவலகச் சட்டம் 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. தபாலை இடைமறித்துப் பிரிக்கும் அதிகாரம் அதிலும் இருக்கிறது, 9-வது பிரிவாக. 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் செயலிகளிடம் கேட்பதைப் பாருங்கள்: கடிதத்தில் என்ன என்றல்ல, முதலில் அனுப்பியவர் யார் என்று. மறுபடியும் உறைமேல் எழுதியிருப்பதுதான். அதை எதிர்த்து தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது, நாங்களெல்லாம் விட்டு ஓடப் பார்த்த அதே வாட்ஸ்அப்.

இனி எனக்கு உறுத்துகிற பகுதி. புதுச்சேரியில் அந்தப் பத்தாண்டில் யார் யாரோடு பேசினார்கள், யார் எந்த வீட்டுக்குப் போனார்கள் என்று இன்றைக்கு நாம் எழுதுகிறோமே, எதை வைத்து எழுதுகிறோம்? பெரும்பங்கு போலீஸ் அறிக்கைகளை வைத்து. சென்னை ஆவணக் காப்பகத்தில் போய் உட்கார்ந்தால், ஒற்றர்கள் எழுதியதை ரகசியக் கோப்பு என்று கட்டிவைத்தது நமக்குப் படிக்கக் கிடைக்கிறது. 'இந்தியா'வில் வந்த கட்டுரைகள் சிலவற்றுக்கு, சுதேசிப் பத்திரிகைகளைக் கண்காணிக்க அரசு தயாரித்த ரகசிய அறிக்கைகளில் உள்ள ஆங்கிலச் சுருக்கம்தான் கதி. நண்பர்கள் பயந்து எரித்தார்கள், எதிரி ஒழுங்காக நம்பர் போட்டு வைத்தான். மோதிலால் ராய்க்கு வந்த கடிதங்கள் கிடைப்பதும் அவர் அவற்றைக் கிழித்துப் போடாததால்தான். வாஞ்சியின் வீட்டில் எது வினையானதோ அதுவேதான் சந்திரநாகூரில் நமக்கு வரமாகியிருக்கிறது. உளவாளிக்கு நன்றி சொல்லிக்கொண்டே உளவை எதிர்த்து எழுதுகிற பிழைப்பு என்னுடையது.

அம்மா 2023 ஐப்பசியில் போய்விட்டார். கடைசி எட்டு மாதம் அவருக்கு டைப் அடிக்க முடியாது, குரல் பதிவாகத்தான் அனுப்புவார். நான் ஆவணக் காப்பகத்துக்கு பஸ் ஏறின நாளெல்லாம் ஒன்று வரும்: சாப்டியா, மரக்காணம் தாண்டிட்டியா, வெயில்ல நிக்காத. எல்லாம் அந்த நாலு பேர் குழுவில்தான். ஒரு வாரம் என்று வைத்தது வைத்தபடியே இருந்தது. காரியம் முடிந்து போனை எடுத்துப் பார்த்தபோது அங்கே நாங்கள் மூன்று பேர் பந்தல்காரருக்கு எவ்வளவு கொடுப்பது என்று பேசிக்கொண்டது மட்டும் இருந்தது.

பெரியம்மாவின் போனில் ஏழெட்டு இருக்கிறதாம். வாட்ஸ்அப்பில் அம்மா அவருக்குத் தனியாக அனுப்பியவை. "எதையும் அழிக்க எனக்குத் தெரியாதுடா" என்றார். வருகிற ஞாயிறு முத்தியால்பேட்டைக்குப் போகிறேன்.