சுவர் இருக்கு, சித்திரம் எங்கே?

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும்னு சொல்வாங்க இல்லையா? இன்னைக்குக் கதையில சுவர் பத்திரமா இருக்கு. சித்திரம்தான் கடல் தாண்டிப் போயிடுச்சு.

ஸ்பெயின் நாட்டின் சோரியா மாகாணத்துல சான் பவுதேலியோ என்ற சின்ன தேவாலயம் இருக்கு. 11-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். வெளியே இருந்து பார்த்தா வெறும் கல் பெட்டி. உள்ளே போனா, நடுவுல ஒரே ஒரு தூண். அதன் உச்சியிலிருந்து பனையோலை விரிவது மாதிரி எட்டு வளைவுகள் கிளம்பிக் கூரையைத் தாங்குது. 12-ஆம் நூற்றாண்டில் ரோமனெஸ்க் பாணி ஓவியர்கள் அந்தச் சுவர்களை நிரப்பினாங்க. மேலே இயேசுவின் வாழ்க்கை. கீழே முயல் வேட்டை, ஒட்டகம், முதுகில் கோட்டை சுமக்கும் யானை!

1917-ல் அரசு இதைத் தேசிய நினைவுச் சின்னமா அறிவிச்சது. அப்புறம் என்ன, பாதுகாப்பு கிடைச்சாச்சுன்னு நினைப்போம். ஆனா கட்டடம் ஊர்க் குடும்பங்களோட சொத்தாவே இருந்தது. 1922-ல் ஒரு கலைப்பொருள் வியாபாரி வந்து, ஓவியங்களை 65,000 பெசட்டாவுக்கு வாங்கினார். அரசு தடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போச்சு. 1925-ல் தீர்ப்பு விற்றவங்க பக்கம் வந்தது.

1926-ல் ஓவியங்களை உரிச்சாங்க. சுவர்மேல துணியைப் பசை போட்டு ஒட்டி, காய்ந்ததும் இழுத்தா, வண்ணப் படலம் துணியோட வந்துடும். அப்படியே அமெரிக்காவுக்குக் கப்பலேறிடுச்சு.

ஊர்க்காரங்களைத் திட்டத் தோணும். ஆனா அந்த அறிவிப்பு அவங்க கைக்கு என்ன கொடுத்தது? வியாபாரி கொடுத்தது காசு.

கதை இன்னும் முடியல. 1957-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தோட ஒரு பரிமாற்றம் நடந்தது. ஆறு ஓவியங்கள் ஸ்பெயினுக்குத் திரும்பின, யானை உட்பட. பதிலுக்கு ஃபுவென்டிதுவேன்யா என்ற ஊரின் ரோமனெஸ்க் தேவாலயத்திலிருந்து, பலிபீடம் இருக்கும் அரைவட்டப் பகுதியைச் சுமார் 3,300 கற்களாகக் கழற்றி, எண் போட்டு, நியூயார்க்குக்கு அனுப்பினாங்க. ஒரு பாரம்பரியத்தை மீட்க இன்னொன்றைப் பிரிக்க வேண்டியதாச்சு. திரும்பி வந்த ஆறும் சொந்தச் சுவருக்குப் போகல. மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்துல இருக்கு. ஒட்டகம் இன்னும் நியூயார்க்லதான்.

இன்னைக்கு சான் பவுதேலியோவுக்குப் போனா, உரிச்ச இடங்கள்ல மங்கலான நிழல் மாதிரி தடம் தெரியும். அடுத்த முறை எங்கேயாவது 'பாதுகாக்கப்பட்ட சின்னம்'னு போர்டு பார்த்தா, ஒரு கேள்வி கேளுங்க: பாதுகாக்கிறது எதை? சுவரையா, சித்திரத்தையுமா?