ஒத்திகை இல்லாத நாடகம்

போன மாதம் சித்தப்பா பையன் போன் செய்தான். கள்ளக்குறிச்சியில் காலேஜ் படிக்கிறான். "அண்ணா, பத்து நிமிஷத்துக்கு ஒரு ஸ்கிரிப்ட் இருந்தா குடுண்ணா. கேமரா ஃப்ரெண்டுகிட்ட இருக்கு. நடிக்க நாங்களே இருக்கோம். கதைதான் இல்ல" என்றான்.

என் லேப்டாப்பில் 'குறும்படம்' என்று ஒரு ஃபோல்டர் உண்டு. ஏழு ஸ்கிரிப்ட்கள். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து தூக்கம் வராத நேரங்களில் எழுதியவை. ஒன்றைத் தவிர எதுவும் படமாகவில்லை. அந்த ஒன்றுதான் பிரச்சினை. சில வருஷங்களுக்கு முன்னால் நண்பரின் நண்பர் ஒருவர் கேட்டார் என்று பன்னிரண்டு பக்கத்தை மெயிலில் அனுப்பினேன். படம் எடுத்தார். ஒரு போட்டியில் பரிசுகூடக் கிடைத்தது. கதை, திரைக்கதை, வசனம் என்று வந்த இடத்தில் அவர் பெயர் மட்டும் இருந்தது. காசு நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்தப் படத்தை இன்றுவரை அம்மாவிடம் காட்டவில்லை. காட்டினால் "உம் பேரு எங்கடா?" என்று கேட்பாள்.

அதனால் தம்பியிடம் "பாக்கறேன்டா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு வெட்கமாக இருந்தது. ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை வைத்துச் சம்பாதிக்கிறவன் நான். முகம் தெரியாத யாரோ இலவசமாக எழுதிக் கொடுத்த கோடில்தான் என் வீட்டு வாடகையே போகிறது. நான் மட்டும் ஏன் கையை மூடிக்கொள்கிறேன்? இந்தக் கேள்வியோடுதான் பழைய நாடகக் கதைகளைப் படிக்க ஆரம்பித்தேன்.

எங்கள் களமருதூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு 'ஸ்கிரிப்ட்' என்ற சொல்லுக்கு முன்பே 'வாத்தியார் நோட்டு' தெரியும். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கி கதை சொல்வார், ராத்திரி அதே கதை கூத்தாக ஆடப்படும். கூவாகம் திருவிழாவின் அடியில் இருக்கும் அரவான் களப்பலிக் கதையும் கூத்தில் உண்டு. யார் எழுதியது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. சென்னையில் இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்றவர்கள் மலிவு விலையில் அச்சடித்த 'பெரிய எழுத்து'ப் புத்தகங்களிலிருந்து கொஞ்சம், குருவின் வாயிலிருந்து கொஞ்சம், வாத்தியாரின் கைச்சரக்கு கொஞ்சம். நோட்டு ஜமாவோடு இருக்கும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் அந்த ஜமாவில் சேர்ந்து ஆட வேண்டும்.

தெற்கே, மதுரை, புதுக்கோட்டைப் பக்கம், வேறொரு ஏற்பாடு உருவானது. அதற்குப் பெயர் ஸ்பெஷல் நாடகம். அதில் ஜமாவே கிடையாது. திருவிழாக் கமிட்டி ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட்டை இன்னோர் ஊரிலிருந்தும், பபூனை வேறெங்கிருந்தோ புக் செய்யும். ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர் தனித்தனி. நோட்டீஸில் ஒவ்வொருவரின் படமும் பெயரும் ஊரும் இருக்கும். ராத்திரி பத்து மணி வாக்கில் மேடையேறுவார்கள். சில சமயம் ஒருவரையொருவர் அன்றுதான் முதல்முறை பார்ப்பார்கள். ஒத்திகை இல்லை. விடியும்வரை 'வள்ளி திருமணம்' நடக்கும்.

இது எப்படி முடிந்தது? எல்லோருக்கும் ஒரே ஸ்கிரிப்ட் தெரியும். அவ்வளவுதான். வள்ளி எந்தப் பாட்டில் வருவாள், நாரதர் எங்கே தர்க்கத்தைத் தொடங்குவார், வேடன் எப்போது கிழவனாவான் என்ற எலும்புக்கூடு அனைவரின் மனதிலும் இருந்தது. சதையை அன்றைய ராத்திரி, அன்றைய கூட்டத்துக்கு ஏற்றபடி அவரவர் போட்டுக்கொண்டார்கள். என் தொழில் பாஷையில் சொன்னால் அது ஒரு புரோட்டோகால். முன்பின் அறியாத இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்வதைப் போல, முன்பின் அறியாத இரண்டு நடிகர்கள் மேடையில் பேசிக்கொண்டார்கள்.

அந்த ஸ்கிரிப்ட்களில் முக்கியமானவற்றை எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867ல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். நடிகராகத் தொடங்கி ஆசிரியரானார். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'சத்தியவான் சாவித்திரி', 'கோவலன்' என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள். 1918ல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை' என்ற பாய்ஸ் கம்பெனியை நடத்தினார். பையன்கள் பாடத்தை மனப்பாடம் செய்வார்கள். வளர்ந்ததும் வேறு கம்பெனிக்குப் போவார்கள். போகும்போது நாடகமும் அவர்கள் தலைக்குள் கூடவே போகும். 1922ல் புதுச்சேரியில் அவர் இறந்தார். 1931ல் 'காளிதாஸ்' பேசும்படம் வந்து, பிறகு ஒவ்வொன்றாக நாடகக் கம்பெனிகள் கலைந்தன. நாடகங்கள் கலையவில்லை. கம்பெனி இல்லாத நடிகர்களும் அவற்றை வைத்துப் பிழைக்க முடிந்தது.

இதே காலத்தில் சென்னையில் இன்னொருவர் இருந்தார். பம்மல் சம்பந்த முதலியார். வக்கீல், பின்னாளில் நீதிபதி. 1891ல் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர். 'மனோகரா' அவருடையது. தன் நாடகத்தை மேடையேற்றுகிறவர்கள் அனுமதி கேட்க வேண்டும், கட்டணம் தர வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். கல்லூரியில் நான் அவரைக் கஞ்சன் என்று நினைத்திருப்பேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. எழுத்தும் உழைப்புதான் என்று அந்தக் காலத்திலேயே சொன்ன மனிதர் அவர்.

அப்போ யார் சரி? இந்தக் கேள்வியை நேரடியாகச் சந்தித்தவர்கள், சுவாமிகளின் பால சபையில் சிறுவர்களாக வளர்ந்த டி.கே.எஸ். சகோதரர்கள். 1948ல் அவர்கள் எடுத்த 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடல் ஒன்றைப் பயன்படுத்தினார்கள். பாரதி பாடல்களுக்கான ஒலிப்பதிவு உரிமை அப்போது ஏ.வி. மெய்யப்பனிடம் இருந்தது. அவர் பணம் கொடுத்து முறையாக வாங்கிய உரிமை. தகராறு வழக்காயிற்று. பாரதி தமிழர்களின் பொதுச்சொத்து என்று எழுத்தாளர்கள் 'பாரதி விடுதலைக் கழகம்' அமைத்துக் குரல் கொடுத்தார்கள். 1949ல் அரசு உரிமையை ஏற்றது. மெய்யப்பன் தன்னிடம் இருந்ததை விலையில்லாமல் விட்டுக்கொடுத்தார். 1955ல் பாரதியின் எழுத்தை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றானது.

இந்தக் கதையில் எல்லோரும் மறந்துவிடும் ஒரு வரி உண்டு. பாரதியின் மனைவி செல்லம்மாவுக்கும் இரண்டு மகள்களுக்கும் அரசு பணம் கொடுத்தது. ஊருக்கு இலவசமாக்கியபோதும் எழுதியவன் வீட்டை மறக்கவில்லை. இலவசம் என்றால் யாருக்கும் கடன்படவில்லை என்று அர்த்தமாகிவிடாது.

சரி, குறும்படத்துக்கு வருவோம். 2009க்குப் பிறகு 'நாளைய இயக்குநர்' வழியாக நலன் குமாரசாமி, கார்த்திக் சுப்பராஜ், பாலாஜி மோகன் என்று ஒரு வரிசை சினிமாவுக்குள் வந்தது. நாங்கள் ஹாஸ்டலில் அவர்களுடைய படங்களை யூடியூபில் திரும்பத் திரும்பப் பார்த்தோம். படம் கிடைத்தது, எழுதிய பக்கம் கிடைக்கவில்லை. சமையலைச் சாப்பிட்டுவிட்டுப் பக்குவத்தை யூகிக்கிற மாதிரிதான். ஒரு சீன் தாளில் எப்படி இருக்கும், மௌனத்தை எப்படி எழுதுவது, இரண்டு நடிகர், ஒரு அறை, ஒரு பகல் என்ற அளவுக்குள் கதையை எப்படி அடக்குவது என்பதெல்லாம் பக்கத்தைப் பார்த்தால்தான் புரியும். அப்படிப் பார்க்கக் கொடுத்தவர்களில் பாலு மகேந்திரா ஒருவர். சன் டிவியில் தமிழ்ச் சிறுகதைகளை வைத்து 'கதை நேரம்' எடுத்தார். பிறகு வம்சி வெளியீடாக மூலக்கதையும் திரைக்கதையும் சேர்ந்தே புத்தகமானது. கதையில் இருந்த எது படத்தில் இல்லை என்று விரல் வைத்துப் பார்க்கலாம். எனக்கு அது ஒரு செமஸ்டர் பாடம்.

ஒரு மாணவருக்கு எழுத்தாளர் கை கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 'கர்ண மோட்சம்' போதும். முரளி மனோகர் மாணவராக இருந்தபோது எடுத்த குறும்படம், எழுதியவர் எஸ். ராமகிருஷ்ணன். நிகழ்ச்சி ரத்தாகி நகரத்தில் தவிக்கும் ஒரு கூத்துக் கலைஞரையும், சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும் ஒரு சிறுமியையும் பற்றியது. எங்கள் ஊர்ப் பக்கத்து ராத்திரிகளில் கேட்ட 'கர்ண மோட்சம்' என்ற கூத்தின் பெயர், ஒரு குறும்படத்தின் பெயராக எனக்குத் திரும்பி வந்தது. அதில் எழுதியவர் பெயரும் இருந்தது, எடுத்தவர் பெயரும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று சிறிதாக்கவில்லை.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவின்படி, உரிமையை விற்றுவிட்ட பிறகும் 'இது என் படைப்பு' என்று சொல்லும் உரிமை எழுதியவரிடமே இருக்கும். கிரியேட்டிவ் காமன்ஸ் 2002ல் கொண்டுவந்த உரிமங்களில் இன்று புழக்கத்தில் இருக்கும் ஆறுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்றுதான்: பெயரைச் சொல். 2018ல் 'சர்கார்' படக்கதை குறித்த வழக்கு சமரசத்தில் முடிந்தபோது, அந்த உடன்பாட்டில் ஓர் உதவி இயக்குநரின் பெயரைத் திரையில் போடுவதும் இருந்தது. பெயர் அவ்வளவு பெரிய விஷயம்.

ஸ்பெஷல் நாடகக்காரர்களுக்கு இதைச் சட்டம் சொல்லித்தரவில்லை. சுவாமிகளுக்கு அவர்கள் ராயல்டி கொடுக்கவில்லை. ஆனால் இன்றும் நடிகர் சங்கங்கள் அவருக்கு வருஷா வருஷம் குருபூஜை எடுக்கின்றன. அவர் படத்துக்கு மாலை போட்டு, ஊர்வலம் போய், அவர் பாட்டைப் பாடுகிறார்கள். நூறு வருஷமாக மாற்றி மாற்றி ஆடப்பட்டும் அந்த நாடகங்கள் 'சுவாமிகள் நாடகம்'தான். என் பன்னிரண்டு பக்கத்துக்கு நடந்ததும் சுவாமிகளின் நாடகத்துக்கு நடந்ததும் இந்த ஒரு இடத்தில்தான் பிரிகின்றன. இரண்டுமே காசில்லாமல் கை மாறியவை. ஒன்றில் பெயரும் சேர்ந்து போனது. இன்னொன்று வழியில் பெயரை உதிர்த்துவிட்டது.

நேற்று ராத்திரி தம்பிக்கு மெயில் அனுப்பினேன். ஒரு ஸ்கிரிப்ட் இல்லை, மிச்சமிருந்த ஆறும். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் மூன்று வரி சேர்த்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், காசு வேண்டாம். எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம், மாற்றியதை எனக்கும் அனுப்புங்கள். எழுதியவன் பெயரைப் போடுங்கள்.

காலையில் பதில் வந்திருந்தது. "அண்ணா, மூணாவது ஸ்கிரிப்ட் எடுக்கறோம். அதுல வர்ற அப்பா கேரக்டர அம்மாவா மாத்திக்கலாமா? எங்க செட்ல அப்பா வேஷத்துக்கு ஆள் இல்ல."

மாத்திக்கோடா என்று எழுதினேன். எழுதிவிட்டு அந்த ஸ்கிரிப்டைத் திறந்து படித்துப் பார்த்தேன். அம்மாவாக இருந்தால்தான் அது சரியாக வரும் போலிருக்கிறது.