மரையாணி தளர்தல் (ஊவாத் தேயிலைத் தொழிற்சாலைகள்)

இறுக்கிப் பூட்டிய நட்டும் போல்ட்டும் இயந்திர அதிர்வால் சிறுகச் சிறுகக் கழல்வதே மரையாணி தளர்தல். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, பசறைப் பகுதித் தேயிலை ஸ்டோர்களில் கொழுந்து அரைக்கும் ரோலர்களில் இது ஓயாத தொல்லை.

போல்ட்டை இறுக்கும்போது அது மயிரிழையளவு நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்பத் துடிக்கும் அந்த இழுவிசைதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஸ்பேனரில் நாம் கொடுக்கும் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே இழுவிசையாகிறது. மீதியை உராய்வு தின்றுவிடும். சேர்த்துப் பூட்டிய பாகங்கள் பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கினால் நட்டு தானாகவே திரும்பும் என்பதை ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் சோதித்துக் காட்டினார்.

ரோலரின் இயக்கமே பக்கவாட்டானது. வாடிய கொழுந்து நிறைந்த உருளை, கிராங்குகளின் துணையால் மேசைமேல் வட்டமடிக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் விசையின் திசை மாறிக்கொண்டே இருக்கும். இதனால் அடித்தளத்து போல்ட், கிராங்கு நட்டு, மேசைமேல் உள்ள பித்தளைப் பட்டைகளின் திருகாணி என எல்லாமே உலுக்கப்படுகின்றன. ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்று வீசும் பருவத்தில்தான் ஊவாவின் பெயர்பெற்ற வாசனைத் தேயிலை உருவாகிறது. அப்போது ஒரு ரோலர் நின்றாலும் வாடிய கொழுந்து காத்திருக்காது. கழன்ற திருகாணி கொழுந்தோடு கலந்துவிட்டால் இன்னும் மோசம். சலிக்கும் இடத்துக் காந்தம் இரும்பைப் பிடிக்கும், பித்தளையைப் பிடிக்காது.

பலரும் நம்புவது ஸ்பிரிங் வாசரை. யுங்கர் முறைச் சோதனைகளில் அது தளர்வைத் தடுக்கவில்லை. அதை மட்டும் நம்பி விடுவது தவறு. இரட்டை நட்டு நல்லது, ஆனால் மெல்லிய நட்டு கீழேயும் தடித்தது மேலேயும் இருக்க வேண்டும். பல இடங்களில் தலைகீழாகவே போட்டிருப்பார்கள். கழன்று விழவே கூடாத கிராங்கு முனைக்குப் பல் வெட்டிய நட்டும் பிளவு ஊசியும் ஏற்றவை. நைலான் வளைய நட்டு சுமார் 120 பாகை செல்சியஸ் வரை தாங்கும்; உலர்த்தியின் அடுப்புப் பக்கம் அதைப் போடக் கூடாது. அமெரிக்காவில் வெர்னன் கிரீபிள் 1953இல் உருவாக்கிய, காற்றுப்படாத இடத்தில் உலோகத்தைத் தொட்டு இறுகும் பசை மரையின் இடைவெளியை நிரப்பிவிடும். நீல நிறப் பசையைச் சாதாரண ஸ்பேனரால் கழற்றலாம், சிவப்புக்குச் சூடு காட்ட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல் ஊற்றினால் பெரும்பாலான பசைகள் சரியாகப் பிடிக்காது.

பிரித்தானியக் காலத்து இயந்திரங்களில் ஒரு மறைவான சிக்கல் உண்டு. அவற்றின் மரை, ஜோசப் விட்வொர்த் 1841இல் வகுத்த 55 பாகைக் கோணத்தில் வெட்டியது. இன்று கடையில் கிடைக்கும் அங்குல மரை 60 பாகை. அரை அங்குல அளவில் பழையதற்கு அங்குலத்துக்கு 12 மரை, புதியதற்கு 13. அதனால் ஏறாது, தவறு உடனே தெரிந்துவிடும். ஆனால் முக்கால் அங்குலத்தில் இரண்டுக்கும் 10 மரைதான். புது நட்டு வழுக்கிக்கொண்டு ஏறும், இறுகியது போலவும் இருக்கும். உள்ளே மரைகள் முழுதாகப் பொருந்தாததால் பிடி குறைந்து, சீக்கிரமே தளர்ந்து மரை தேயும். நட்டு வாங்கும் முன் மரை அளவியை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

நட்டின் மேலிருந்து அடிச்சட்டம் வரை ஒரே கோடாகப் பெயின்ட் இழுத்துவிட்டால், கோடு முறிந்த இடமே தளர்ந்த இடம் என்று தூரத்திலிருந்தே தெரியும். புதிதாகப் பூட்டிய போல்ட்டை முதல் சில மணி நேர ஓட்டத்துக்குப் பின் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும்; புது வாசரும் பெயின்டும் அமுங்கி இழுவிசை குறைந்திருக்கும். எவ்வளவு அவசரமானாலும் ஓடும் ரோலரில் ஸ்பேனர் வைக்காதீர்கள். மெயின் சுவிட்சை அணைத்து, அதற்குப் பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.