சாட்சியமும் சரிபார்ப்பும்: மனித உரிமை அமைப்புகளின் பணியில் திறந்த மூலப் புலனாய்வு

மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகள் நெடுங்காலமாக இரண்டு தூண்களின் மீது நின்றன. ஒன்று பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலம். மற்றொன்று அதைப் பதிவுசெய்த அமைப்பின் நற்பெயர். இவ்விரண்டையும் தாக்குவது அரசுகளுக்கு எளிதாக இருந்தது. சாட்சி பொய் சொல்கிறார் என்றோ, அமைப்பு ஒரு பக்கம் சாய்ந்தது என்றோ சொல்லிவிட்டால் போதும். சாட்சியின் உயிரைக் காக்க அவர் பெயரை மறைத்தாக வேண்டும் என்பதால், அமைப்பால் முழுமையாகப் பதில் சொல்லவும் முடியாது. செயற்கைக்கோள் படங்கள், சமூக ஊடகக் காணொலிகள், பொது ஆவணங்கள் என யாரும் எட்டக்கூடிய தரவுகளைக் கொண்டு நடத்தப்படும் திறந்த மூலப் புலனாய்வு இந்நிலையை மாற்றியிருக்கிறது. மறைந்து கிடப்பதை வெளிக்கொணர்வதே அதன் பயன் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் முடிவை எட்டிய வழியை எதிர்த்தரப்பும் சரிபார்க்கும்படி திறந்து வைப்பதே உரிமைப் பணிக்கு அது தரும் பெரிய வலிமை என்பது இக்கட்டுரையின் வாதம்.

கேமரூன் வழக்கு இதற்குத் தெளிவான சான்று. இரண்டு பெண்களையும் இரண்டு குழந்தைகளையும் படையினர் அழைத்துச் சென்று சுட்டுக் கொல்லும் காணொலி ஒன்று 2018 ஜூலையில் பரவியது. அது பொய்ச் செய்தி என்று கேமரூன் அரசு மறுத்தது. ஆயுதங்கள், சீருடை, பேச்சு ஆகியவற்றை ஆராய்ந்த அம்னெஸ்டி இன்டர்நேஷனல், கொன்றவர்கள் கேமரூன் படையினரே என்பதற்கு நம்பத்தக்க சான்று இருப்பதாக அறிவித்தது. பிபிசியின் ‘ஆப்பிரிக்கா ஐ’ புலனாய்வுக் குழு, அம்னெஸ்டி, திறந்த மூலப் புலனாய்வுக் குழுவான பெல்லிங்கேட், தனி ஆய்வாளர்கள் எனப் பலர் அடுத்தடுத்துச் சேர்ந்து விவரங்களைத் துலக்கினர். காணொலியில் தெரிந்த மலைமுகட்டின் வடிவம், நாட்டின் வட கோடியிலுள்ள செலெவெட் ஊரருகே உள்ள மலைத்தொடரோடு பொருந்தியது. கட்டடங்கள் எழுந்ததும் இடிந்ததும் பதிவான செயற்கைக்கோள் படங்களும், வறண்ட பருவத்தில் மட்டும் தென்படும் நடைபாதையும் கால எல்லையைச் சுருக்கின. நடந்து செல்லும் படைவீரரின் நிழலிலிருந்து சூரியனின் கோணத்தைக் கணித்தபோது, 2015 மார்ச் 20க்கும் ஏப்ரல் 5க்கும் இடையில் கொலை நடந்தது தெரிந்தது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க எவருடைய நற்பெயரையும் நம்ப வேண்டியதில்லை. அரசு தன் மறுப்பைக் கைவிட்டுப் படையினரைக் கைது செய்தது; 2020 செப்டம்பரில் நால்வருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இதே வழிமுறையின் முந்தைய வடிவம் ஈழப்போரின் இறுதிக்கட்டத்தில் தென்பட்டது. சுதந்திரமான செய்தியாளர்கள் போர்க்களத்துக்குள் அனுமதிக்கப்படாத 2009 மே மாதத்தில், அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகம் பாதுகாப்பு வலயத்தின் செயற்கைக்கோள் படங்களை மனித உரிமை அமைப்புகளுக்காக ஆராய்ந்தது. மே 6, மே 10 ஆகிய நாட்களின் படங்களை ஒப்பிட்டு, குண்டுக் குழிகளையும் காணாமல்போன கூடாரங்களையும் சுட்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில், கைகள் கட்டப்பட்டவர்கள் கொல்லப்படும் காணொலியைப் புலம்பெயர்ந்த இலங்கைச் செய்தியாளர்களின் அமைப்பு ஒன்று பெற்றுத்தர, பிரித்தானியத் தொலைக்காட்சியான சேனல் 4 ஒளிபரப்பியது. இலங்கை அரசு அதைப் போலி என்றது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், தடயவியல் மருத்துவம், காணொலி ஆய்வு, துப்பாக்கிச் சான்று ஆகிய துறைகளின் வல்லுநர்களிடம் அதை ஒப்படைத்தார். அது உண்மையானதே என்பதை அவர்களின் ஆய்வு வலுவாகச் சுட்டுவதாக 2010 ஜனவரியில் அறிவித்தார்.

இங்கே முதல் மறுப்பு எழுகிறது: ஒரு கோரிக்கைக்காகப் போராடும் அமைப்பு, தான் விரும்பியதைத்தானே படத்தில் காணும்? இந்த ஆபத்து உண்மையானது. நல்லெண்ணம் மட்டும் இதற்குக் காப்பாகாது. நடைமுறை ஒழுங்கு வேண்டும். ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகமும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலுள்ள மனித உரிமைகள் மையமும் 2020இல் வெளியிட்ட பெர்க்லி நெறிமுறை, சேகரிப்பு முதல் பாதுகாப்பு வரை ஒவ்வொரு படியையும் பதிவுசெய்யச் சொல்கிறது. தன் கருதுகோளுக்கு எதிரான விளக்கங்களைத் தேடிச் சோதித்து, உறுதியாகாததை உறுதியாகவில்லை என்றே எழுதும் அமைப்பின் சார்பு, அதன் முடிவைக் கெடுப்பதில்லை. எதை ஆராய்வது என்பதை இலட்சியம் தீர்மானிக்கலாம். என்ன முடிவு என்பதைச் சான்றே தீர்மானிக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடுமையானது: சான்று இருந்தும் நீதி வரவில்லையே? கேமரூனில் தண்டனை பெற்றவர்கள் சில படையினர் மட்டுமே. இலங்கையில் பொறுப்புக்கூறல் இன்றும் முற்றுப்பெறவில்லை. சான்று அரசியல் உறுதிக்கு மாற்றாகாது என்பதை ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். ஆயினும் முறையாகப் பாதுகாத்த சான்று, அரசியல் சூழல் மாறும் வரை காத்திருக்கும். இலங்கை தொடர்பான சான்றுகளைத் திரட்டிப் பேணும் பொறுப்பை ஐ.நா. மனித உரிமைப் பேரவை 2021 மார்ச்சில் ஆணையர் அலுவலகத்திடம் ஒப்படைத்ததன் பொருள் இதுவே. பேணாவிட்டால் என்னவாகும் என்பதைச் சிரியா காட்டியது. 2017இல் யூடியூபின் தானியங்கி முறை, போர்க்கொடுமைகளைப் பதிவுசெய்த சிரியக் காணொலிகளைப் பெருமளவில் நீக்கியது. சிரியன் ஆர்க்கைவ் போன்ற அமைப்புகள் முன்பே படியெடுத்து வைத்திருந்தவை தப்பின. ஆகவே ஆவணக் காப்பையும் புலனாய்வின் பாதியாகவே கருத வேண்டும்.

மூன்றாவது மறுப்பையே நான் மிகக் கனமானதாகக் கருதுகிறேன். கைபேசியும் இணையமும் இல்லாத இடத்துக் கொடுமை படமாவதில்லை. சிறையறைச் சித்திரவதையும் பாலியல் வன்முறையும் பெரும்பாலும் ஒளிப்பதிவுக்கு வெளியே நடப்பவை. படம் உள்ளதை மட்டும் நம்பப் பழகிய உலகம், படமில்லாதவரின் துயரை நடக்காததாகவே எண்ணக்கூடும். போதாக்குறைக்கு, காணொலியில் முகம் தெரிந்தவர் பழிவாங்கலுக்கு ஆளாகலாம். அவசர அடையாளம் காட்டலால் குற்றமற்றவர் பலியாகலாம். எனவே இப்புலனாய்வு வாக்குமூலத்தை விலக்கும் கருவியாகிவிடக் கூடாது. சாட்சி சொன்ன நேரம், இடம், ஓசை ஆகியவற்றில் சரிபார்க்கக்கூடியவற்றைச் சரிபார்த்து, மற்றவற்றுக்கும் அதனால் நம்பகம் கூட்டுவதே அதன் பணி. ஒருவரின் முகத்தையோ இருப்பிடத்தையோ வெளியிடுவது சான்றுக்கு இன்றியமையாததா என்று ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும். வழிமுறையைத் திறந்து வைப்பது, பாதிக்கப்பட்டவரை அம்பலப்படுத்துவதற்கான அனுமதி ஆகாது.

ஆகவே இத்திறனைக் கைக்கொள்ளும் தொண்டு நிறுவனங்கள், மென்பொருளுக்கும் படங்களுக்கும் செலவிடும் அளவு அக்கறையை மூன்று பழக்கங்களிலும் காட்ட வேண்டும்: முடிவோடு வழிமுறையையும் வெளியிடுதல், மூலப் பதிவைச் சிதையாமல் காத்தல், களத்துச் சாட்சிகளையும் உள்ளூர் அமைப்புகளையும் சமமான ஆய்வாளர்களாக மதித்தல். செலெவெட்டின் மலைமுகட்டைப் பொருத்திப் பார்க்க முடிந்ததே கேமரூனிலிருந்து வந்த ஒரு தகவலால்தான். இம்மூன்றும் இருந்தால், பணமும் படையும் இல்லாத அமைப்பும் ஓர் அரசின் மறுப்பை அதே மேடையில் நின்று எதிர்கொள்ள முடியும்.