காது கேளாத மாணவர்களின் விடுதி வாழ்க்கை: பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

மலேசியாவில் செவித்திறன் குறைந்தோருக்கான சிறப்பு இடைநிலைப் பள்ளிகள் மிகச் சிலவே. பினாங்கு, சிலாங்கூர், ஜோகூர் என்று ஒன்றுக்கொன்று தொலைவில் அவை உள்ளன. அதனால் படிவம் 1-இல் சேரும் பிள்ளைகள் பலர், 13 வயதிலேயே வீட்டை விட்டு விடுதிக்குப் போக வேண்டியுள்ளது.

"காது கேக்காத பிள்ளைய எப்படிங்க தனியா விடுறது?" இதுதான் பெற்றோரின் முதல் கேள்வி. அந்தப் பயம் நியாயமானதே. விடுதியில் உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் முடிவெடுப்பது கொஞ்சம் எளிதாகும்.

விடுதிக்குத்தான் அனுப்பணுமா?

கட்டாயமில்லை. 2013-ஆம் ஆண்டு சிறப்புக் கல்வி விதிமுறைகளின்படி மூன்று வழிகள் உள்ளன: சிறப்புப் பள்ளி, சாதாரணப் பள்ளியிலேயே தனி வகுப்பாக நடக்கும் ஒருங்கிணைப்புத் திட்டம், மற்ற மாணவர்களோடு ஒரே வகுப்பில் அமரும் உள்ளடங்கிய கல்வித் திட்டம்.

பிந்தைய இரண்டிலும் பிள்ளை தினமும் வீடு திரும்பலாம். ஆனால், சைகையில் பேசும் நண்பர்கள் அங்கே ஓரிருவர் மட்டுமே இருக்கக்கூடும். சிறப்புப் பள்ளியில் ஆசிரியர் முதல் அறைத் தோழர் வரை சுற்றியுள்ளவர்களோடு சைகையில் பேசலாம்.

விடுதியில் பிள்ளை என்ன கத்துக்கும்?

முக்கியமாக, மொழி. காது கேளாத பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். மற்ற பிள்ளைகள் தாயிடமிருந்து மொழி கற்கிறார்கள். இவர்களோ மூத்த மாணவர்களிடமிருந்து கற்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் வகுப்பு முடிந்த பிறகு.

இதற்குப் பினாங்கே சான்று. 1954-இல் அங்கு தொடங்கப்பட்ட காது கேளாதோர் பள்ளியில், ஆரம்ப காலத்தில் வாய்மொழிப் பயிற்சிதான். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும், வாயால் பேச வேண்டும். ஆனால் வகுப்புக்கு வெளியே பிள்ளைகள் தங்களுக்குள் கைகளால் பேசிக்கொண்டார்கள். அப்படி வளர்ந்ததுதான் பினாங்கு சைகை மொழி. மூத்த தலைமுறையினர் சிலருக்கு அது இன்னும் தெரியும்.

1970-களின் பிற்பகுதியில் பள்ளிகள் சைகையை ஏற்றுக்கொண்டன. மலாய் இலக்கணத்தை அப்படியே கையால் காட்டும் 'கோட் தாஙான்' முறை வகுப்புக்கு வந்தது. காது கேளாதோர் தங்களுக்குள் பேசுவது 'பிம்' எனப்படும் மலேசிய சைகை மொழி. அதற்குத் தனி இலக்கணம் உண்டு. 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் அதை அதிகாரப்பூர்வ சைகை மொழியாக அங்கீகரித்தது.

அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

மணியோசைக்குப் பதில் விளக்கு. அறைக்குள் நுழைபவர் சுவிட்சைத் தட்டி அணைத்துப் போடுவார், அதுதான் கதவு தட்டுவது. கூப்பிட வேண்டுமென்றால் தோளைத் தொடுவார்கள், அல்லது கையை வீசிக் காட்டுவார்கள். காலையில் எழுப்ப, தலையணைக்கு அடியில் அதிரும் கடிகாரம் வைத்துக்கொள்ளலாம். விளக்கை அணைத்தால் பேச்சும் நின்றுவிடும். அதனால் வெளிச்சம் இருக்கும் இடத்தில்தான் அரட்டை.

புதிதாக வரும் மாணவருக்கு ஒரு சைகைப் பெயரும் கிடைக்கும். கன்னத்துக் குழி, சிரிப்பு, ஒரு பழக்கம் என்று எதையாவது வைத்து நண்பர்கள் சூட்டுவது அது. பலருக்கு அந்தப் பெயர் ஆயுளுக்கும் நிலைக்கும்.

பாதுகாப்புக்கு என்ன செய்வது?

சேர்ப்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்:

• இரவில் பொறுப்பில் இருக்கும் வார்டனுக்குச் சைகை தெரியுமா?
• தீ எச்சரிக்கைக்கு ஒளிரும் விளக்கு அறையிலும் குளியலறையிலும் உள்ளதா?
• செவிப்புலன் கருவியை இரவில் எங்கே வைப்பார்கள்? மின்கலம் யார் மாற்றுவார்கள்?
• வீட்டுக்குக் காணொளி அழைப்பு செய்ய எந்த நேரத்தில் அனுமதி?

பகடிவதை எந்த விடுதியிலும் நடக்கலாம். காது கேளாத பிள்ளைக்கு அதைச் சொல்ல மொழி வேண்டும், அந்த மொழி புரிந்த பெரியவர் ஒருவரும் வேண்டும். 15999 'தாலியான் காசே' உதவி எண்ணுக்கு வாட்ஸ்அப் வசதியும் இருப்பதால், பேச முடியாதவர்கள் எழுதியும் தெரிவிக்கலாம்.

வீட்டுக்கு வந்தா ஏன் பேசாம இருக்கு?

இங்குதான் தமிழ்க் குடும்பங்களுக்குக் கூடுதல் சிக்கல். பள்ளியில் பாடமொழி மலாய், விடுதியில் பிம், வீட்டில் தமிழ். தீபாவளிக்கு எல்லாரும் சுற்றி உட்கார்ந்து சிரிக்கும்போது, "என்ன?" என்று கேட்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் பதில், "அப்புறமா சொல்றேன்". அந்த 'அப்புறம்' பெரும்பாலும் வருவதே இல்லை. விடுதியில் ஓயாமல் பேசும் பிள்ளை, வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டு ஒதுங்கிவிடுகிறது. 'ஹாஸ்டல் போய் மாறிட்டான்' என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில், பேச ஆள் இல்லாததுதான் காரணம்.

இதற்கு வழி, குடும்பமும் சைகை கற்பது. மலேசிய காது கேளாதோர் சம்மேளனம், கோலாலம்பூர் ஒய்.எம்.சி.ஏ. போன்றவை பிம் வகுப்புகள் நடத்துகின்றன. தூரமென்றால், விடுமுறையில் உங்கள் பிள்ளையையே கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். தினம் ஐந்து சைகை போதும். அம்மா அப்பா மட்டுமல்ல, அண்ணன் தம்பி, தாத்தா பாட்டியும் சேர வேண்டும்.

எங்கே விண்ணப்பிப்பது?

முதலில் மருத்துவர் அல்லது செவித்திறன் வல்லுநரின் உறுதிக் கடிதம் பெறுங்கள். சமூக நலத்துறையில் மாற்றுத்திறனாளி அட்டைக்குப் பதிவு செய்யுங்கள். பிறகு மாவட்டக் கல்வி அலுவலகத்தின் சிறப்புக் கல்விப் பிரிவை அணுகலாம். சிறப்புத் தேவை மாணவர்களுக்கான மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை குறித்துப் பள்ளியிலேயே கேளுங்கள்.

முடிவெடுக்கும் முன், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை பள்ளியைப் போய்ப் பாருங்கள். வகுப்பறையோடு நிறுத்திவிடாமல், மாலையில் விடுதி முற்றத்தில் மாணவர்கள் பேசிக்கொள்வதையும் சிறிது நேரம் கவனியுங்கள்.